புதிய தளங்களில் கடை விரிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. த்ரெட்ஸ், புளூஸ்கை, மாஸ்டடான் என்று புதிது புதிதாகச் சமூக வலைத்தளங்கள் வந்துவிட்டன. சிறிய தொழில் செய்பவர்கள் எதில் போய் உட்காருவது என்று கேட்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். பிறருடைய பொருளை விற்பதற்கு வார்த்தை தேடிக் கொடுப்பதே இருபது வருடங்களுக்கு மேலாக என் பிழைப்பு. அதில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: கையால் தைத்த குறிப்பேடுகள் செய்து இணையத்தில் விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் பக்கம் இருக்கிறது. மூன்று புதிய தளங்களிலும் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். தையல் வேலை போக, நாளைக்கு அரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

அரை மணி நேரம் என்று உள்ளதைச் சொன்னீர்களே, அதுவே பாதி வேலையைச் சுலபமாக்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு தளத்தைத்தான் உருப்படியாகக் கவனிக்க முடியும். உங்கள் தொழிலின் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க மூன்றிலும் கணக்குத் தொடங்கி வையுங்கள். குடியிருப்பது ஒன்றில் மட்டும் இருக்கட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது த்ரெட்ஸ். காரணம், உங்களிடம் வாங்கியவர்கள் ஏற்கெனவே இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் த்ரெட்ஸ் தொடங்கியபோது ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்ததற்கும் அதுவே காரணம்: இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே உள்ளே போய்விடலாம், அங்கே பின்தொடர்பவர்களை இங்கேயும் தொடரலாம். திறந்தவுடன் வருவது அல்காரிதம், அதாவது யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரல், பொறுக்கித் தரும் பக்கம். அதனால் புதிய கணக்கின் நல்ல பதிவு, முன்பின் அறியாதவர்கள் கண்ணிலும் படும். அதே காரணத்தால் உங்களையே பின்தொடர்பவர்கள் கண்ணில் படாமலும் போகும். இந்த இரண்டாவது பாதியை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

அங்கே என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தேன். ‘புதிய குறிப்பேடுகள் தயார்! இன்றே வாங்குங்கள்!’ என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். படம் அழகாக இருப்பதால் இன்ஸ்டாகிராமில் அது ஓடிவிடுகிறது. த்ரெட்ஸ் பேச்சுக்கான இடம். அந்த வரிக்கு யாரும் மறுமொழி சொல்ல முடியாது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘தைப்பதற்கு முன் நூலில் தேன்மெழுகு தேய்த்துக்கொள்கிறேன். சிக்கு விழுவதில்லை, தையலும் வழுக்காமல் பிடித்து நிற்கிறது. மெழுகு தேய்த்த நூலில் தைத்ததையும் தேய்க்காத நூலில் தைத்ததையும் அருகருகே வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். எது எதுவென்று சொல்ல முடிகிறதா?’ இதில் விலை இல்லை, ‘வாங்குங்கள்’ என்ற சொல்லும் இல்லை. ஆனால் படித்தவர் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்ப்பார், பதில் சொல்வார், பிறகு உங்கள் பெயரைத் தொட்டு நீங்கள் யாரென்று பார்ப்பார். கடைக்கான இணைப்பு அந்த விவரப்பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் சொந்தப் பதிவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். காகிதம், பேனா, நாட்குறிப்பு என்று பேசிக்கொண்டிருப்பவர்களைத் தேடிப் பிடித்து, தெரிந்ததைச் சொல்லுங்கள். த்ரெட்ஸில் ஒரு பதிவுக்கு ஒரு தலைப்புக்குறிதான் (ஹேஷ்டேக்) வைக்க முடியும். இன்ஸ்டாகிராம் பழக்கத்தில் இருபது குறிகளை அடுக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் பதிவை எந்தக் கூட்டம் படிக்க வேண்டும் என்று யோசித்து அந்த ஒன்றை மட்டும் வையுங்கள்.

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து திறந்த மூலநிரல் மென்பொருள்களுக்கு (நிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி வெளிப்படையாக வைத்திருப்பவை) பராமரிப்புச் சேவை தருகிறோம். எங்களுக்கும் த்ரெட்ஸ்தானா?

இல்லை. உங்களுக்கு மாஸ்டடான். ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ 2016இல் தொடங்கியது அது; அதுவே திறந்த மூலநிரல் மென்பொருள். உங்களுடைய வாடிக்கையாளர்களில் பலர் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள். ஒரே நிறுவனத்தின் தளமாக இல்லாமல் ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்களாக அது இயங்குகிறது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி விதிமுறை. தொழில்கணக்குகளை ஏற்காத சர்வர்களும் உண்டு. சேர்வதற்கு முன் விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். அங்கே விளம்பரம் விற்பதில்லை. முகப்பில் பதிவுகள் நேர வரிசையில்தான் வருகின்றன. ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதி இருப்பதால் அங்கே ஹேஷ்டேக்குக்கு உண்மையான பயன் உண்டு. படம் போட்டால் பார்வையற்றோருக்காகப் படவிளக்கம் எழுதுங்கள். அதை அந்தச் சமூகம் மரியாதையாகவே கருதுகிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கேள்வி: த்ரெட்ஸில் 40 கோடிப் பேர், புளூஸ்கையில் 3 கோடிப் பேர் என்று படித்தேன். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஒப்பிடுவதற்கு என்ன இருக்கிறது?

நீங்கள் படித்த இரண்டு எண்களும் சரி. ஆனால் அவை ஒரே விஷயத்தை எண்ணவில்லை. 40 கோடி என்பது மாதத்துக்கு ஒருமுறையாவது த்ரெட்ஸைப் பயன்படுத்துகிறவர்கள். 2025 ஆகஸ்டில் சொன்ன கணக்கு. 3 கோடி என்பது 2025 தொடக்கத்தில் புளூஸ்கையில் பதிவாகியிருந்த மொத்தக் கணக்குகள். தொடங்கிவிட்டுத் திரும்பியே பார்க்காதவர்களும் அதில் அடக்கம். ஆக, உண்மையான இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. இதைச் சொன்ன பிறகும், புளூஸ்கையை ஒதுக்கச் சொல்ல மாட்டேன்.

எந்தச் சிறுதொழிலுக்கும் 40 கோடிப் பேர் தேவையில்லை. உங்கள் துறையைப் பற்றிப் பேசும் சில நூறு பேர் எங்கே கூடுகிறார்கள் என்பதுதான் தேவை. புளூஸ்கை அந்தத் தேடலை எளிதாக்குகிறது. அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு துறைக்கென்று தனி ஃபீட், அதாவது அந்தத் துறைப் பதிவுகள் மட்டும் வரும் வரிசை, உருவாக்கலாம்; பிடித்தவர்கள் அதைத் தங்கள் முகப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அறிமுகத் தொகுப்பு என்று ஒரு வசதியும் உண்டு: 150 பேர் வரை ஒரு பட்டியலில் சேர்த்து, புதிதாக வருபவர் ஒரே சொடுக்கில் எல்லோரையும் தொடரும்படி செய்யலாம். உங்கள் துறைக்கு அப்படியொரு தொகுப்பு இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். போட்டியாளர்களையும் அதில் சேருங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் அதைத் தொகுத்தவர் யார் என்று வருபவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

இணைப்பு வைத்த பதிவைக் கீழே தள்ளுவதில்லை என்று புளூஸ்கை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கட்டுரை எழுதுபவர்கள், புத்தகம் விற்பவர்கள், பாடம் நடத்துபவர்களுக்கு இது பெரிய விஷயம். கையில் விளம்பரப் பணம் இருக்கிறது, சீக்கிரம் விற்க வேண்டும் என்றால் மட்டும் புளூஸ்கையும் மாஸ்டடானும் உங்களுக்கு உதவாது. அங்கே வாங்குவதற்கு விளம்பர இடமே இல்லை. த்ரெட்ஸ் 2025 ஏப்ரலில் எல்லா நாட்டு விளம்பரதாரர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

கேள்வி: காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் பத்தாயிரம் பின்தொடர்பவர்களைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆரம்பத்தில் ஒரு பலத்துக்காக வாங்கலாமா?

வாங்கவே வாங்காதீர்கள். அவர்கள் யாரும் மனிதர்கள் இல்லை. அவர்களால் உங்கள் பதிவுக்கு ஒரு மறுமொழியும் வராது. பத்தாயிரம் பேர் இருந்தும் மௌனமாக இருக்கும் பக்கத்தை உண்மையான வாடிக்கையாளர் ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்.

கேள்வி: நான்கு வருடம் பாடுபட்டு ஒரு தளத்தில் கூட்டம் சேர்த்தேன். அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க மனமே வரவில்லை. புதிய தளங்களும் இப்படித்தானே போகும்?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கும் இது நடந்திருக்கிறது. பழைய புத்தகங்கள் விற்கும் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு தளத்தில் மூன்று வருடம் எழுதினேன். தளத்தின் பெயர் வேண்டாம். நாலாயிரத்துச் சொச்சம் பேர் தொடர்ந்தார்கள். பாதிப் பேரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கம். ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது: சேவையை நிறுத்துகிறோம், உங்கள் பதிவுகளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பதிவிறக்கினேன். நான் எழுதியது முழுவதும் இருந்தது. அதைப் படித்தவர்களின் முகவரி ஒன்றுகூட இல்லை. வேறு ஏதோ காரணத்துக்காக மின்னஞ்சல் கொடுத்திருந்த 37 பேர்தான் கடைசியில் எங்களிடம் மிஞ்சினார்கள். முன்பே கேட்டு வாங்கி வைக்காதது என் தவறு. அந்த வாடிக்கையாளரிடம் இதைச் சொன்ன நாள் இன்னும் மறக்கவில்லை.

பெரிய நிறுவனம் என்பதால் நிலைக்கும் என்றும் எண்ண முடியாது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2011இல் வந்தது, 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. குறுங்காணொளித் தளமான வைன் நான்கே வருடம். நேரலைத் தளமான பெரிஸ்கோப் 2015 முதல் 2021 வரை. ஆகவே எந்தத் தளத்தை எடைபோடும்போதும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் என்னுடன் எதை எடுத்துப் போகலாம்?

இந்தக் கேள்விக்கு மாஸ்டடானும் புளூஸ்கையும் பழைய தளங்களைவிட நல்ல பதில் சொல்கின்றன. மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள். பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிடும். அதனால் முக்கியமானவற்றுக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சர்வருக்கு மறுபடி மாறுவதென்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

புளூஸ்கையில் உங்கள் சொந்த டொமைனையே, அதாவது உங்கள் இணையதள முகவரியையே, பயனர்பெயராக வைக்கலாம். நேற்றுதான் ஒரு நண்பருக்கு இதைச் செய்து கொடுத்தேன். பத்து நிமிடம் ஆனது. அமைப்புகளில் பயனர்பெயரை மாற்றும் இடத்துக்குப் போய், சொந்த டொமைன் இருக்கிறது என்பதைத் தேர்ந்தெடுத்தால், அது ஒரு நீளமான குறியீட்டைக் காட்டும். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில், டிஎன்எஸ் (டொமைனுக்கான அமைப்புகள்) பதிவுகளில் டிஎக்ஸ்டி (TXT) என்ற வகையில் ஒரு வரி சேர்த்து, அந்தக் குறியீட்டை அப்படியே ஒட்டிச் சேமிக்க வேண்டும். நண்பருக்கு முதல் தடவை சரிபார்ப்பு தோற்றது. குறியீட்டோடு ஒரு வெற்றிடமும் சேர்ந்து ஒட்டிவிட்டது. அதை நீக்கியதும் சரியாகிவிட்டது. இப்போது அவருடைய இணையதள முகவரியே அங்கே அவர் பெயர். அவர் பெயரில் போலிக்கணக்கு தொடங்குபவரால் அந்த முகவரியை எடுக்க முடியாது; தனியாக யாரிடமும் போய் அவர் தன்னை நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மின்னஞ்சல் பட்டியலை இன்றே தொடங்குங்கள். உங்களிடம் இன்னும் தொடர்பில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் என்றாலும் சரி, அவர்களிடம் அனுமதி கேட்டு முதல் பத்து வரிகளாக எழுதிவிடுங்கள். உங்கள் நான்கு வருடம் முழுக்கப் போய்விடவில்லை; எழுதும் கை உங்களிடம்தானே இருக்கிறது.

கேள்வி: ஒரே பதிவை எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் போடும் செயலிகள் இருக்கின்றனவே, பயன்படுத்தலாமா?

அறிவிப்புகளுக்குப் பயன்படுத்தலாம். பேச்சுக்கு வேண்டாம். புளூஸ்கையில் 300 எழுத்து, மாஸ்டடானில் பொதுவாக 500, த்ரெட்ஸிலும் 500. ஒன்றுக்காக எழுதியது இன்னொன்றில் வால் வெட்டுப்பட்டு நிற்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: புளூஸ்கையும் மாஸ்டடானும் ‘கொ’ என்பதை ஓர் எழுத்தாகவே எண்ணுகின்றன. எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தில் அதே ‘கொ’ இரண்டாகக் கணக்காகும். அங்கே எழுதிச் சுருக்கிச் சுருக்கிப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்.

கேள்வி: புதிய தளத்துக்கு எத்தனை நாள் அவகாசம் கொடுப்பது? எதை வைத்து முடிவு செய்வது?

மூன்று மாதம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, எழுதியது, மறுமொழி சொன்னவர் பெயர், அதனால் வந்த விசாரிப்பு. விருப்பக்குறிகளை எழுத வேண்டாம். மூன்றாவது கட்டத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தத் தளத்தில் உங்களுக்கு வேர் பிடிக்கிறது. மூன்று மாதம் முடிந்தும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால் வருத்தப்படாமல் கிளம்புங்கள்.

இணையதளப் புள்ளிவிவரத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். மாஸ்டடானின் பல சர்வர்களிலிருந்து சொடுக்கி வருபவர் எங்கிருந்து வந்தார் என்பது அதில் பதிவாவதில்லை. அதனால் வாங்கும் படிவத்தின் கடைசியில் ‘எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?’ என்று ஒரு கட்டம் சேருங்கள். குறிப்பேடு தைக்கும் வாசகர் உட்பட யாராவது இந்த மூன்று மாதக் கணக்கை எழுதி முடித்தால், நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.