நோட்டை யாரிடம் காட்டலாம்?

கேள்வி: பாம்பனில் கடல்பாசி எடுக்கும் வேலை எனக்கு. மனசில் இருப்பதை நோட்டில் எழுதி வருகிறேன். நாத்தனார் படிக்கக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முழு நோட்டைக் கொடுக்காதீர்கள் சகோதரி. உங்களைப் பற்றி மட்டும் உள்ள பக்கங்களைத் தனித்தாளில் எடுத்தெழுதிக் கொடுங்கள், படித்ததும் திருப்பி வாங்கிவிடுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். 'ஒருமுறை மட்டும் பார்க்க' என்று அனுப்பினாலும் இன்னொரு போனால் படம் எடுத்துவிடலாம்.

அடுத்தவர் கடன், நோய், கல்யாணப் பேச்சு வரும் பக்கங்களை அவரிடம் கேட்காமல் யாருக்கும் காட்டவே கூடாது. பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் ஊரில் படகின் நிறமே ஆளைச் சொல்லிவிடும். 'மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாள்' என்று எழுதினால் அது ஜூன் 15 என்று தெரியும். அன்று யார் வீட்டில் சண்டை நடந்தது என்பதும் தெரியும். அதனால் அவர் சம்மதித்தாலும், ஆள் தெரியாமலிருக்க உறவை மாற்றுங்கள், இருவர் குணத்தை ஒருவரிடம் சேருங்கள். இடத்தை ஆண்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) பெண்கடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) மாற்றினால் பருவத்தையும் மாற்றுங்கள். தென்மேற்குக் காற்றில் கொந்தளிப்பது மன்னார் வளைகுடா; பாக் நீரிணைப் பக்கம் அலை எழும்புவது வாடையில். இதைத் தவறவிட்டால், கடலறிந்தவர் உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

நாத்தனாரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் வாய்விட்டுப் பேசுங்கள், தாள் பிறகு.