எல்லோருக்கும் தெரிந்த உண்மையைப் பொதுவில் சொல்வதால் என்ன மாறும்?

நிறைய மாறும் என்பதே என் பதில். 1989-ல், கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்ததைப் படித்த பிறகு எனக்கு இதில் ஐயமே இல்லை.

அந்த ஆண்டு மே 7 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தன் வேட்பாளர் பட்டியலுக்கு 98.85 சதவீத ஆதரவு கிடைத்ததாக அரசு அறிவித்தது. அது பொய் என்று பலரும் அறிந்திருந்தார்கள். ஆனால் தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வருவாரா என்பதை அறிய ஒருவருக்கும் வழியில்லை. உளவுத்துறையான ஸ்டாசிக்கு யார் தகவல் கொடுப்பவர் என்று தெரியாத நிலையில், வாய்விட்டுக் கேட்பதே ஆபத்து. அதனால் மனத்துக்குள் எதிர்த்தவர்களும் கூட்டங்களில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கண்ட ஒவ்வொருவரும், தாம் மட்டுமே இப்படி நினைக்கிறோமோ என்று அடங்கிப்போனார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது நிகோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் நடந்துவந்த அமைதி வழிபாடு. திங்கள் மாலை 5 மணிக்கு அங்கே போனால் தம்மைப் போன்றவர்கள் இருப்பார்கள் என்பது ஊரறிந்த செய்தி ஆகிவிட்டதால், அழைப்பு விடுக்கத் தனியாகத் தலைவர் யாரும் தேவைப்படவில்லை. செப்டம்பரில் சில ஆயிரங்களாக இருந்த கூட்டம், துப்பாக்கிச் சூடு நடக்கும் என்ற அச்சம் நகரெங்கும் பரவியிருந்த அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 70,000 ஆகி, நகர மையத்தைச் சுற்றியுள்ள வட்டச் சாலையில் "நாங்களே மக்கள்" என்று முழங்கியபடி நடந்தது. பக்கத்தில் நடப்பவர் என்ன நினைக்கிறார் என்று அன்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. குவிக்கப்பட்டிருந்த காவலர்களும் அதே காட்சியைத்தான் பார்த்தார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை.

என்னைக் கேட்டால், அன்றைய மிகப் பெரிய வேலையைச் செய்தவர்கள் சீக்பெர்ட் ஷெஃப்கே, அராம் ராடோம்ஸ்கி என்ற இருவர். சீர்திருத்தத் திருச்சபையின் கோபுரத்தில் ஒளிந்திருந்து அவர்கள் எடுத்த காட்சிகள் மேற்கு பெர்லினுக்குக் கடத்தப்பட்டு, மறுநாளே மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அதைக் கிழக்கில் பெரும்பாலானோர் வீட்டிலிருந்தே பார்த்துவந்தார்கள். தாம் பார்ப்பதை நாட்டில் மற்றவர்களும் இந்நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தக் காட்சிகளுக்கு வலிமை தந்தது அதுதான். அடுத்த திங்களன்று லைப்சிக்கில் திரண்டவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 18 அன்று, பதினெட்டு ஆண்டுகளாக நாட்டை ஆண்ட எரிக் ஹொனேக்கர் பதவி விலகினார்.