ரயில் யார் வாசலில் நிற்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய மெட்ரோ பாதை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ‘கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரயில் போக வேண்டும்’ என்று முடித்திருந்தீர்கள். எழுதுவது சுலபம். நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 22 வருடமாகக் கடை வைத்திருப்பவன். பெரிய சாலையின் அடியில் பாதை வந்தால் என் வாசலில் ஐந்தாறு வருடம் தகரத் தடுப்பு நிற்கும். புறவழிச்சாலை ஓரமாக அரசு நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே தூண் நட்டு ரயில் விட்டால் ஒரு வீடும் இடிபடாது, செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். பெரிய சாலைதான் வேண்டுமென்றால், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியையும் கல்லூரியையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி வளைத்தாவது விடலாமே? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதுவது சுலபம்தான். என் வாசலில் தகரம் எதுவும் வரப்போவதில்லை என்பதும் உண்மை. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து, கட்டுரையில் நான் தாவிப் போன இடங்களைத் திரும்பப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் புறவழிச்சாலை. அரசு நிலம் சும்மா கிடக்கிறது என்றதும் கூட்டத்தில் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். ஆனால் அது ஏன் சும்மா கிடக்கிறது? அங்கே போக யாருக்கும் வேலை இல்லை என்பதால்தானே? ரயில் வந்தால் ஊரும் அங்கே வந்துவிடும் என்பார்கள். வரலாம். வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். அதுவரை காலி ரயில் ஓடும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இரண்டு வழியையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பார்த்துவிட்டது. அங்கே வில்ஷயர் என்றொரு பெரிய சாலை. அலுவலகமும் குடியிருப்பும் நெருக்கியடித்து நிற்கும். மெட்ரோ சுரங்கம் அதன் அடியில் மேற்கே போவதாகத்தான் பேச்சு. 1985 மார்ச்சில் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடையில் நிலத்தடி மீத்தேன் கசிந்து வெடித்தது. சுரங்கம் தோண்டினால் இன்னும் என்னென்ன வெடிக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பகுதியில் தோண்ட மத்திய அரசின் பணம் தரக் கூடாது என்று ஹென்றி வாக்ஸ்மன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் சட்டத்திலேயே தடை கொண்டுவந்தார் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயரே காங்கிரஸ், கட்சியைச் சொல்லவில்லை). பாதை வடக்கே ஹாலிவுட் பக்கம் திரும்பிவிட்டது. பாதுகாப்பாகத் தோண்ட முடியும் என்று 2005-இல் நிபுணர் குழு சொன்னது. தடை 2007-இல் நீங்கியது. மேற்கே நீட்டும் வேலைக்கு அடிக்கல் விழுந்தது 2014-இல்.

அதே நகரம் 1995-இல் பச்சைப் பாதையைத் திறந்தது. 105 என்ற அதிவேகச் சாலை போடும்போதே நடுவில் தண்டவாளத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட அதேதான். ரயிலுக்கென்று நிலம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் பயணி நிற்பது, இரண்டு பக்கமும் கார்கள் சீறிப் போகிற நடுத்திட்டில். விமான நிலையத்தின் பக்கத்தில் வந்தும் உள்ளே போகாமல் பாதை ஒதுங்கிப் போயிற்று. இறங்கி பஸ் ஏற வேண்டும். விமான நிலையத்துக்கென்று ஒரு மெட்ரோ ஸ்டேஷன் அங்கே திறந்தது 2025 ஜூனில்.

என் அனுபவம் ஒன்று. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அதிவேகச் சாலை ஓரத்து மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றில் இறங்கினேன். நான் போக வேண்டிய கட்டடத்தின் பெயர்ப் பலகை நடைமேடையிலிருந்தே படிக்க முடிகிறது. சரி, ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன். நகரும் படி ஓடவில்லை. நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் அணுகுசாலை. அதில் நடைபாதை கிடையாது, வெள்ளைக் கோட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சாண் மண். மதிலில் ஒரு இரும்புக் கதவு, பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போய்ச் சேர 19 நிமிஷம். பயண நேரம் 14.

ஸ்டேஷனுக்கு மக்கள் நடந்து வரும் தூரம் என்று திட்டமிடுகிறவர்கள் பொதுவாக வைப்பது 500 முதல் 800 மீட்டர். அந்த வட்டத்துக்குள் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பதில்தான் ஸ்டேஷனின் பிழைப்பே இருக்கிறது. வட்டத்தின் நடுவே ஓர் அதிவேகச் சாலை ஓடினால் பாதி வட்டம் போச்சு. மீதியில் மதிலும் பள்ளமும். தூணில் மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் ஆளில்லாத பெட்டிகளை ஓட்டியே விட்டுவிடுவோம்.

ஆனால் உங்கள் நிலம் வீண் என்று சொல்லவில்லை. ரயில்களை நிறுத்தவும் கழுவவும் பழுது பார்க்கவும் பணிமனை வேண்டும். அதற்கு ஹெக்டேர் கணக்கில் இடம் வேண்டும், ஊருக்கு நடுவில் எவனும் தரமாட்டான். அதற்கு அந்தப் புறவழிச்சாலை நிலம் கச்சிதம். (பல பாதைகள் எங்கே போய் முடிகின்றன என்பதைப் பணிமனைக்குக் கிடைத்த நிலம்தான் முடிவு செய்கிறது.)

இனி ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வளைப்பது. இது எனக்குச் சங்கடமான கேள்வி, ஏனென்றால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கணக்கை மட்டும் வைக்கிறேன். ஒரு கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பி வந்தால், சாய்வாக வளைத்தால்கூட ஒன்றரை கிலோமீட்டர் கூடும் என்று வைத்துக்கொள்வோம். நின்று நின்று போகும் மெட்ரோவின் சராசரி வேகம் மணிக்கு 30, 35 கிலோமீட்டர். ஆக, மூன்று நிமிஷம். கூடுதல் ஸ்டேஷனில் வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஒரு நிமிஷம். அந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் நாளொன்றுக்கு 60,000 பேர் என்றால், நாலு நிமிஷம் வீதம் தினமும் 4,000 மணி நேரம். இது பாதை இருக்கும் வரை தினமும்.

அதோடு, ரயில் பஸ் மாதிரி சட்டென்று திரும்பாது. வளைவு இறுக இறுக வேகம் குறையும், சக்கரம் கிறீச்சிடும், தண்டவாளம் தேயும். பாரிஸில் 1900-இல் திறந்த முதல் பாதை பாஸ்டில் ஸ்டேஷனில் இறுக்கமாக வளைகிறது. அந்த வளைவு இன்றும் அப்படியே இருக்கிறது. நிறுத்தத்தை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம், சுரங்கத்தை நிமிர்த்த முடியாது.

அப்புறம், ஆஸ்பத்திரிக்கு வளைத்தால் அடுத்த வாரம் பேருந்து நிலையத்துக்காரர்கள் வருவார்கள், அதற்கடுத்த வாரம் குடியிருப்போர் சங்கம். ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கை. எல்லாவற்றையும் சேர்த்தால் பூமிக்கு அடியில் டவுன் பஸ். நோயாளியை ஒரு கிலோமீட்டர் நடக்கச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில், மழையில் நனையாத தூரத்தில், பத்து நிமிஷத்துக்கு ஒரு சிற்றுந்து. இதைத் திட்டத்தின் அங்கமாகவே கேட்க வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்றால் நடக்காது.

உங்கள் தகரத் தடுப்புக்கு வருகிறேன். கட்டுரையில் ஒரு வாக்கியத்தில் கடந்து போய்விட்டேன், அது தப்பு.

மேலே இருப்பவரைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் சுரங்கம் இல்லை. இயந்திரம் பதினைந்து இருபது மீட்டர் ஆழத்தில், ஆறு மீட்டர் சொச்சம் விட்டத்தில் குடைந்துகொண்டு போய்விடும். மேலே ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். கொல்கத்தாவின் கிழக்கு மேற்குப் பாதையில் 2019 ஆகஸ்டு கடைசியில் இயந்திரம் நிலத்தடி நீரைத் தொட்டு, பௌபஜாரில் வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. சனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வெளியேறினார்கள். ஆனால் வருடக்கணக்கில் வியாபாரத்தை முடக்குவது ஸ்டேஷன் குழிதான். இருநூறு மீட்டர் நீளத்துக்குச் சாலையைத் திறந்து போட வேண்டும். அதே கொல்கத்தாவின் முதல் பாதையைப் பெரும்பாலும் மேலிருந்து வெட்டி மூடித்தான் கட்டினார்கள். அடிக்கல் 1972, முதல் ரயில் 1984, முழுப் பாதையும் முடிந்தது 1995. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் கடை வைத்திருந்தவருக்கு ‘பிற்காலத்தில் நல்லது’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இடம் போனவருக்கு இழப்பீடு உண்டு. இடம் போகாமல் வாடிக்கை மட்டும் போனவர் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. உங்கள் கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், புறவழிச்சாலையில் இல்லை. பாதையை வேறு இடத்தில் போடுங்கள் என்று கேட்டால் ஒன்று கிடைக்கும், அல்லது கிடைக்காது. குழியைப் பற்றிக் கேட்டால் கேட்க நிறைய இருக்கிறது. பக்கச் சுவரை இறக்கி, கூரையை முதலில் போட்டு, சாலையைத் திறந்துவிட்டு, பிறகு அடியில் தோண்டும் முறை இருக்கிறது. மேலே அடைத்து வைக்கும் காலம் குறையும். ஏன் அது இங்கே இல்லை என்று கேளுங்கள். சாலை குறுகல் என்பார்கள். பாரிஸில் லியேஜ் ஸ்டேஷனில் தெரு குறுகல் என்று இரண்டு நடைமேடைகளையும் எதிரெதிரே வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தடுப்புக்கும் கடைக்கும் நடுவில் எத்தனை அடி விடுவார்கள்? இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே நடக்க முடியுமா? தடுப்பை எந்த மாதம் எடுப்பார்கள், எடுக்காவிட்டால் மாதத்துக்கு எவ்வளவு தருவார்கள்? இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதக்கூடிய விஷயம்.

கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். சுவரில் ஒட்டிய வரைபடத்தில் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தன் வீட்டை. விரல் வைத்து வைத்து அந்தச் சிவப்புக் கோடு சில இடங்களில் அழுக்காகிப் போயிருக்கும். நானும் என் தெருவைத்தான் தேடினேன். ஆனால் அந்தப் படத்தில் ஸ்டேஷன் என்பது ஒரு வட்டப் புள்ளி. குழி எங்கே, வாசல் எங்கே என்பது அதில் இருக்காது. அதற்குத் தனித்தாள் உண்டு, கேட்டால்தான் எடுப்பார்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் பகுதி ஸ்டேஷனின் தாளை விரிக்கச் சொல்லுங்கள். உங்கள் கடைக்கு எதிரே வரப்போவது நகரும் படியோடு ஒரு நுழைவாயிலா, இல்லை காற்றுப் போக்கிக் கோபுரமா என்று பாருங்கள். கோபுரமாக இருந்தால் எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.