கிக்-ஆஃபுக்கு மூன்று நாள்: யாருக்கு முழங்கால், யாருக்குத் தொடை?

வெள்ளிக்கிழமை, 2025 ஆகஸ்ட் 15 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் போர்ன்மவுத்தும் மோத, இங்கிலாந்துக் கால்பந்தின் 2025-26 பிரீமியர் லீக் தொடங்குகிறது. நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 12.30. கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன்; வந்ததில் பாதிக்கு மேல் ஒரே ராகம்: "எங்க டீம்ல இத்தனை பேருக்கு அடி, இந்த வருஷம் தேறுமா?" நான் பிசியோதெரபிஸ்ட், ஜோசியர் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். அடிபட்டவர்களின் தலையை எண்ணிப் பயனில்லை. எந்த இடத்து ஆள், அவர் இடத்தில் நிற்கப்போவது யார், திரும்பி வந்தபின் பழையபடி ஓட எவ்வளவு நாள் ஆகும் என்று பாருங்கள்.

மூன்று வருஷமாக ஆர்சனலுக்கு இரண்டாம் இடம். போன சீசன் கோட்டைவிட்டதற்குக் காயம்தான் காரணம் என்று நண்பர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சொல்வது சரிதானே? — பிரவீன், கோவை

பாதி சரி. டிசம்பரில் சாகாவுக்குத் தொடையின் பின்தசை கிழிந்து ஆபரேஷன் வரை போனது. அவர் மறுபடி களமிறங்கியது ஏப்ரல் 1-ம் தேதி. ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஜீசஸுக்கு முழங்கால் ஜவ்வு. பிப்ரவரியில் வெயில் காயப் போன துபாய் முகாமில் ஹாவெர்ட்ஸுக்கும் பின்தசை. கடைசியில் நடுக்களத்து மெரீனோவை ஸ்ட்ரைக்கராக நிறுத்தினார்கள். பாவம், அவரும் லெஸ்டரில் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றினார்.

இனி உங்கள் நண்பர்கள் பக்கம். ஜீசஸ் விழுந்தபோது ஜனவரிச் சந்தை திறந்துதான் இருந்தது. ஆர்சனல் ஒருவரையும் வாங்கவில்லை. ஏற்கெனவே முழங்காலில் கத்தி வைத்த ஒருவர், பின்தசையில் இழுபட்டுக்கொண்டிருந்த சிலர் என்று முன்வரிசையை மெல்லிசாக வைத்துக்கொண்டு "துரதிர்ஷ்டம்" என்றால் எப்படி? லிவர்பூல் 84 புள்ளி, ஆர்சனல் 74. லீக்கில் 14 டிரா. அத்தனையையும் சாகாவின் தொடையில் கட்டிவிட முடியாது.

இந்த முறை யோகெரெஸ் வந்திருக்கிறார். ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்காகப் போன சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 54 கோல். போர்ச்சுகல் லீக் வேறு, இங்கிலாந்து வேறு. இருந்தாலும் முன்னால் நிற்க ஒரு ஆள் என்பதே பெரிய விஷயம். கோப்பைக்கு இந்த வருஷம் ஆர்சனலை நம்புகிறேன். பந்தயம் எல்லாம் கட்டச் சொல்லாதீர்கள்.

இப்போதெல்லாம் ஏன் எல்லோருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை)? எங்கள் காலத்தில் கணுக்கால்தான் பிசகும். — ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், பாளையங்கோட்டை

நல்ல கவனிப்பு சார். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை அங்குள்ள கால்பந்துச் சம்மேளனமான யூஃபா ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு ஒன்று உண்டு. 2001-02-ல் மொத்தக் காயங்களில் பின்தசைக் காயம் 12 விழுக்காடு. 2021-22-ல் அதுவே 24.

முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசிப்போகும். அது தரையைத் தொடுவதற்குச் சற்று முன், நீண்டுகொண்டே போகும் பின்தசைதான் பிரேக் பிடிக்கிறது. கிழிவது பெரும்பாலும் அந்த நொடியில். இன்றைய ஆட்டத்தில் அப்படிப்பட்ட ஓட்டங்கள் அதிகம், ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் ஒரு பயிற்சி இருக்கிறது, நார்டிக் என்பார்கள். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் இந்தக் காயம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. செலவு ஒரு பைசா இல்லை. மறுநாள் தொடை வலிக்கும் என்பதால் வீரர்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். உங்கள் பழைய மாணவர்கள் யாராவது பயிற்சியாளராக இருந்தால் காதில் போட்டுவையுங்கள்.

சிங்கப்பூரில் ஆர்சனல் நியூகாசிலை 3-2 என்று வென்றதை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். நாலு நாளில் ஹாங்காங்கில் ஸ்பர்ஸிடம் (டோட்டன்ஹாம்) தோல்வி, அப்புறம் வில்லாரியலிடமும். கவலைப்படலாமா? — ஷாலினி, சிங்கப்பூர்

வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, சீசனுக்கு முன்னோட்டமான கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தில் சாம்பியன் லிவர்பூலையே கிறிஸ்டல் பேலஸ் பெனால்டியில் வீழ்த்தியது. அதை வைத்து லிவர்பூலை யாராவது கழித்துக்கட்டுவார்களா? பிரீ-சீசனில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள்; யார் எத்தனை நிமிடம் ஆடினார், எழுந்து நடந்துபோனாரா என்று பாருங்கள்.

ஸ்பர்ஸ் ரசிகனாகப் பிறந்தது என் தலையெழுத்து. மேடிசன் இல்லாமல் என்ன கதி? — நாகராஜன், திண்டுக்கல்

ஆகஸ்ட் 3, சோல் நகரம். சன் ஹியுங்-மின் சொந்த மண்ணில் ஸ்பர்ஸ் சட்டையோடு விடைபெற்ற ஆட்டம். அதே ஆட்டத்தில் யாரும் இடிக்காமலே மேடிசனின் வலது முழங்கால் போய்விட்டது. மே மாதம் போடோ கிளிம்ட் ஆட்டத்தில் அடிபட்ட அதே கால். குலுசெவ்ஸ்கிக்கும் மே மாதமே முழங்கால் சில்லில் ஆபரேஷன். ஆக, பந்தை வாங்கித் திரும்பி முன்னால் கொடுக்கிற இரண்டு பேரும் இல்லை. சன் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார்.

போன வருஷம் ஸ்பர்ஸ் 17-ம் இடத்தில் முடித்ததற்குக் காயம் பெரிய காரணம். ரொமேரோ, வான் டி வென், கோல்கீப்பர் விகாரியோ என்று பின்வரிசை முழுக்க ஒரே சமயத்தில் படுத்துவிட்டது. அதோடு அப்போதைய பயிற்சியாளர் போஸ்டெகோக்ளூவின் ஆட்டமுறை அப்படி: எதிரணி பந்தை எடுத்தால் பின்வரிசை வெட்டவெளியில் அறுபது அடி திரும்பி ஓட வேண்டும். தொடை தாங்குமா? இருந்தும் பில்பாவோவில் யூரோப்பா லீக்கை வென்றார்கள், அதனால் இப்போது சாம்பியன்ஸ் லீக். புதிய பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க் நிதானமானவர், இப்படி ஓடவைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கோல் குறையும், தோல்வியும் குறையும். முதல் பத்துக்குள் வருவார்கள், தலையெழுத்தைத் திட்டாதீர்கள்.

ரோட்ரி வந்துவிட்டார், மான்செஸ்டர் சிட்டி பழைய சிட்டி ஆகிவிடும் என்கிறான் என் தம்பி. — முகமது இர்ஃபான், காயல்பட்டினம்

இடம்தான் முக்கியம் என்று மேலே சொன்னேனே, அதற்கு நடுக்களத்தைத் தாங்கும் இவரைவிட நல்ல சாட்சி கிடையாது. 2023-24-ல் சிட்டி லீக்கில் தோற்றது மொத்தம் மூன்று ஆட்டம். மூன்றிலும் ரோட்ரி இல்லை. 2024 செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிராக முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அடுத்த மாதம் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருதை வாங்க ஊன்றுகோலோடு வந்தார். அணியோ அதற்குப் பின் ஒரு கட்டத்தில் 13 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் வென்றது.

மே மாதம், எட்டு மாதம் கழித்து, மாற்று வீரராக வந்தார். பிறகு கிளப் உலகக் கோப்பை. அல்-ஹிலாலிடம் 4-3 என்று தோற்ற ஆட்டத்தில் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே, கவட்டையில் பிடித்துக்கொண்டது. நீண்ட ஓய்வுக்குப் பின் வருபவர்களுக்கு இது வழக்கம்: தைத்த முழங்கால் தாங்கும், எட்டு மாதம் சும்மா கிடந்த அக்கம்பக்கத்துத் தசைகள் முரண்டு பிடிக்கும். செப்டம்பர் சர்வதேச இடைவெளி முடியும்வரை அவர் முழுதாகக் கிடைப்பது கடினம் என்கிற மாதிரிதான் குவார்டியோலாவும் பேசியிருக்கிறார். தம்பியிடம் சொல்லுங்கள், ரோட்ரி வந்துவிட்டார் என்று நவம்பரில் பேசலாம். அதுவரை நிக்கோ கொன்சாலஸும் ரெய்ன்டர்ஸும் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

லிவர்பூலில் எல்லோரும் புதிதாக வாங்கிய விர்ட்ஸ், எகிடிகே என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு 2020-21 ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. — ஒரு லிவர்பூல் அக்கா, யாழ்ப்பாணம்

உங்கள் பயம் நியாயமானது அக்கா. அந்த வருஷம் அக்டோபரில் எவர்ட்டன் ஆட்டத்தில் வான் டைக், நவம்பரில் இங்கிலாந்து முகாமில் கோம்ஸ், ஜனவரிக் கடைசியில் மாடிப். ஓட்டையை அடைக்க நடுக்களத்திலிருந்து ஃபாபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்தார்கள். அடைத்ததோ ஒரு ஓட்டை, திறந்ததோ இன்னொன்று. நடுக்களமும் செத்தது. ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் தோல்வி, அந்த கிளப் சரித்திரத்திலேயே அதுவரை இல்லாதது. கடைசியில் தத்தித் தடுமாறி மூன்றாமிடம்.

இப்போது பின்வரிசை குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றாயிற்று. வான் டைக்குக்கு 34 வயது. கோம்ஸின் காயப் பட்டியல் நீளம். முன்னால் கொட்டிய பணத்தில் கொஞ்சம் பின்னாலும் போயிருக்கலாம். பேலஸ் கேப்டன் கெயியின் பெயர் அடிபடுகிறது. வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். தியாகோ ஜோட்டாவை ஜூலையில் பறிகொடுத்த வலி அந்த உடைமாற்றும் அறையில் இருக்கும். அதைப் புள்ளிப் பட்டியலோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை.

செல்சி? — ஒரே சொல்லில் கேட்டவர், மதுரை

ஜூலை 13-ம் தேதி அமெரிக்காவில் பி.எஸ்.ஜி.யை 3-0 என்று வென்று கிளப் உலக சாம்பியன். அப்புறம் மூன்று வாரம் விடுப்பு. திரும்பி வந்ததும் பயிற்சியில் பின்வரிசை கால்வில்லுக்கு ஏ.சி.எல்., அதாவது முழங்கால் ஜவ்வு, கிழிந்தது. சீசனில் பெரும்பகுதி போச்சு. ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஆடுவார்கள். கோடையின் களைப்பு குளிர்காலத்தில் தெரியவரும் என்பது என் சந்தேகம்.

நானும் ஏ.சி.எல். ஆபரேஷன் செய்துகொண்டவன். ஆறு மாதம் ஆச்சு, வலியே இல்லை. அடுத்த மாதம் எங்கள் ஏரியா டோர்னமென்ட். இறங்கலாமா? — வயது 21, வியாசர்பாடி

கூடாது தம்பி. வலி போனதற்கும் ஜவ்வு தயாரானதற்கும் சம்பந்தமில்லை. உன் காலிலிருந்தே ஒரு நாரை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அதற்கு ரத்த ஓட்டம் வந்து அது ஜவ்வாக மாற மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்குபவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு பல மடங்கு. காலண்டர் மட்டும் போதாது: முன்தொடை பலம் அடிபடாத காலில் உள்ளதில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும், ஒற்றைக் காலில் தாண்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம் வர வேண்டும். உன் பிசியோவிடம் இந்தச் சோதனைகளைக் கேட்டு வாங்கு.

கல்லூரியில் எனக்கும் கணுக்கால் பிசகியது. "ஃபைனல்டா, கட்டிக்கிட்டு ஆடு" என்றார் கோச். ஆடினேன், தோற்றோம். மழை வந்தால் அந்தக் கால் இன்றும் எனக்கு முன்கூட்டியே சொல்லும்.

ஆரம்பத்திலேயே ஏ.சி.எல். போனால் சீசன் அவ்வளவுதானா? — விக்னேஷ், சேலம்

வீரருக்கு ஏறக்குறைய ஆமாம். அணிக்கு அப்படி இல்லை. 2023 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் சில நாள் இடைவெளியில் கோர்ட்வாவையும் மிலிட்டாவோவையும் இழந்தது, டிசம்பரில் அலாபாவையும். லா லீகாவும் சாம்பியன்ஸ் லீக்கும் அவர்களுக்கே. கோல்கம்பத்தில் லூனின் இருந்தார், முன்னால் பெல்லிங்ஹாம் இருந்தார். வெம்ப்ளி இறுதியாட்டத்துக்குக் கோர்ட்வாவே திரும்பிவிட்டார்.

மான்செஸ்டர் யுனைடெட் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள், ப்ளீஸ். — பெயர் வேண்டாம்

ஐரோப்பியப் போட்டி கிடையாது. வாரநடுவில் பெரும்பாலும் ஓய்வு. 2016-17-ல் செல்சி இப்படித்தான் பத்தாமிடத்திலிருந்து எழுந்து கோப்பையைத் தூக்கியது. நீங்கள் அவ்வளவு தூரம் போக மாட்டீர்கள், 15-ம் இடத்திலிருந்து ஏறுவது உறுதி.

ஃபேன்டஸியில் (நிஜ வீரர்களை வைத்து நாமே அணி அமைக்கும் இணைய விளையாட்டு) மஞ்சள் கொடி காட்டுகிற, அதாவது ஆடுவாரா என்று சந்தேகமான, வீரரை எடுக்கலாமா? சாலாவுக்கு விளையாட்டுப் பணத்தில் 14.5 மில்லியன் கொடுப்பது வீண் இல்லையா? — ஆஃபீஸ் லீக்கில் கடைசி இடம், சென்னை

ஆடும் வாய்ப்பு 75 விழுக்காடு என்று காட்டினால் பயப்படாதீர்கள், 25 என்றால் தொடாதீர்கள். 50 என்று இருந்தால் மேனேஜர் பேச்சைக் கேளுங்கள். "நாளைக்குப் பயிற்சி செய்கிறாரா பார்ப்போம்" என்றால் பெஞ்சிலாவது இருப்பார். "அவசரப்படுத்த விரும்பவில்லை" என்றால் மூன்று வாரத்துக்கு மறந்துவிடுங்கள்.

சாலாவை எடுங்கள். போன சீசனில் 29 கோல், 18 அசிஸ்ட். ஆனால் டிசம்பர் 21 முதல் மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை. எகிப்துக்கு சாலாவும் மர்மூஷும், கேமரூனுக்கு எம்புவேமோவும் போய்விடுவார்கள். காயமே இல்லாமல் காணாமல் போகிறவர்கள் இவர்கள். அதற்காகவே 16-வது வாரத்தில் ஐந்து வீரர் மாற்றம் வரை இலவசமாகத் தருகிறார்கள். இப்போதைக்கு வெள்ளி இரவு 11 மணிக்குள் அணியைப் பூட்டுங்கள். 12.30 என்று நினைத்துக்கொண்டு போன வருஷம் நான் ஏமாந்தேன்.