கழற்றி மாட்டினால் ஓடுகிறதா?

(மெஷின், வண்டிகளுக்கான வயர் கட்டு செய்யும் வயர் ஹார்னஸ் தொழிற்சாலையில், கிரிம்பிங் லைனில், அதாவது வயர் முனையில் உலோக டெர்மினலை நசுக்கிப் பிடிக்கவைக்கும் இடத்தில், தரம் பார்ப்பவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: எங்கள் வாஷிங் மெஷின் ஸ்பின் போடும்போது திடீரென்று நின்றுவிடுகிறது. மெக்கானிக் வந்து உள்ளே இருக்கும் கனெக்டர்களைக் கழற்றி மாட்டுகிறார். சில மாதம் ஓடுகிறது. இப்போது போர்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கொஞ்சம் பொறுங்கம்மா. கழற்றி மாட்டினதும் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் போர்டு மேல் வரக்கூடாது. அந்த வெள்ளைக் கனெக்டருக்குள் இருக்கும் பின்களுக்குப் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். வெள்ளீயத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். மாட்டும்போது பின் உரசி அதைக் கிழித்துக்கொண்டு போவதால்தான் கரண்ட் பாய்கிறது. மெஷின் அதிரும்போது பின் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் அசையும். ஒவ்வொரு அசைவிலும் புது உலோகம் வெளியே வரும், அதுவும் ஆக்சைடு ஆகும், அந்தத் தூள் அங்கேயே சேரும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பின் பளபளவென்று இருக்கும், வயர் முனையில் இருக்கும் டெர்மினல் அதைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. அதைத்தான் உங்கள் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் தேய்த்துவிட்டுப் போகிறார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர் பக்கத்து டெர்மினல்களைப் புதிதாக கிரிம்ப் பண்ணச் சொல்லுங்கள். போர்டு பின்னை கான்டாக்ட் கிளீனரால் துடைக்கட்டும். துரு போக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அப்புறம் வயர் கட்டு ஆடாமல் பக்கத்திலேயே ஒரு டை போட்டு இறுக்கட்டும். இத்தனையும் செய்தும் நின்றால் போர்டைப் பற்றிப் பேசலாம்.

தங்க முலாம் பூசிய டெர்மினல் போட்டால் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். போர்டு பின்னும் தங்கமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளீயம் என்றால் ஆக்சைடு போய்த் தங்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். காசும் போய், கோளாறும் கூடும்.

கேள்வி: மாடியில் 3 கிலோவாட் சோலார் போடுகிறோம். பேனலோடு வந்த பிளக் ஒரு கம்பெனி, இன்ஸ்டாலர் கேபிளில் போடும் பிளக் வேறு கம்பெனி. ‘எல்லாம் எம்சி4 வகை சோலார் பிளக்தான் சார், டிக்கென்று உட்காருகிறது’ என்கிறார். (வாசகர், உடுமலை)

பதில்: டிக் சத்தம் பிளாஸ்டிக் கொக்கியுடையது. உள்ளே 4 மி.மீ. பின் எப்படித் தொடுகிறது என்பதை அது சொல்லாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் பின்னின் அளவில் நூலிழை வித்தியாசம், பூச்சு வேறு, ரப்பர் வளையம் வேறு. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, நாளடைவில் தொடும் இடம் சூடாகும். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் (திசை மாறி மாறிப் பாய்வது) நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே திசையில் பாயும் சோலார் டிசி கரண்டில் அது இல்லை, பொறி பிடித்தால் நின்று எரியும். சோலார் பேனல் அமைப்புக்கான சர்வதேச விதியான ஐஇசி 62548-ஏ ஜோடி இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையதாக, ஒரே வகையாக இருக்க வேண்டும் என்கிறது.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே பிரச்சினை வராது, இரண்டும் ஒரே பிளக். வரிசையின் இரு முனைகளில் வரும் கேபிளுக்கு மட்டும் பேனலில் இருக்கும் அதே மாடலை வாங்கிவரச் சொல்லுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்க விடாதீர்கள், அதற்கென்று கிரிம்பிங் டூல் இருக்கிறது. வெயில் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அந்தப் பிளக்கைப் பிரிக்கவும் கூடாது.

கேள்வி: கிரிம்ப் பண்ணியபின் கொஞ்சம் சால்டர் வைத்தால் கூடுதல் பலம்தானே? (வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. எங்கள் லைனில் டெர்மினலைக் குறுக்கே அறுத்து, பாலீஷ் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நல்ல கிரிம்பில் செம்பு இழைகள் தேனடை போல ஒன்றையொன்று நெருக்கி நிற்கும், காற்றுப் புகக்கூட இடம் இருக்காது. அதில் சால்டருக்கு வேலையில்லை. அது இழைகளுக்கு நடுவே ஏறி இன்சுலேஷனுக்கு அடியில் போய் வயரை விறைப்பாக்கும். அந்த விறைப்பு முடிகிற இடத்தில் பைக் அதிர்விலேயே ஒடியும். வயருக்கு முன்கூட்டியே சால்டர் பூசி கிரிம்ப் பண்ணுவது இன்னும் மோசம், அழுத்தத்தில் சால்டர் மெல்ல நகர்ந்து பிடி தளரும். சால்டர்தான் வேண்டும் என்றால் சால்டர் கப் (வயரை உள்ளே வைத்து சால்டர் ஊற்றும் சிறு குழி) வைத்த கனெக்டரையே வாங்குங்கள். சென்னை வந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.