விளம்பரம் போட்டால் வாசகர்கள் போய்விடுவார்களா?

கேள்வி: வாசகர்களே செய்தி இணைப்புகளைச் சேர்த்து, ஓட்டுப் போட்டு மேலே ஏற்றும் தளம் ஒன்றை நடத்துகிறேன். சர்வர் செலவு கட்டுப்படியாகவில்லை. விளம்பரம் போடலாமா என்று கேட்டதற்கே சிலர் கோபப்பட்டார்கள். வாசகர் பதிவு மாதிரியே விளம்பரத்தைக் காட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, வருமானமும் கூடும் என்கிறது ஒரு ஏஜென்சி. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். விளம்பரம் வந்தது என்பதற்காக மட்டும் பழைய வாசகர்கள் கூட்டமாக வெளியேற மாட்டார்கள். சில நாள் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். ஆனால் தங்கள் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று தோன்றிவிட்டால் போய்விடுவார்கள். சம்பளம் இல்லாமல் உங்கள் முகப்பைத் தொகுத்துத் தருபவர்கள் அவர்கள்தான். அந்த வரிசையில் காசு கொடுத்தவர் வேஷம் போட்டு நுழைவதை எப்படிப் பொறுப்பார்கள்?

உங்கள் தளம் மாதிரியே வாசகர் ஓட்டில் நடந்த டிக் (Digg) தளம் 2009-இல் விளம்பரங்களுக்கும் ஓட்டுப் போட விட்டது. வாசகர்களுக்குப் பிடித்த விளம்பரத்துக்குக் கட்டணம் குறையும், பிடிக்காததற்குக் கூடும். நல்ல யோசனை. அதே டிக் 2010 ஆகஸ்டில் தளத்தை மாற்றியமைத்தபோது, பெரிய ஊடகங்களின் செய்திகள் தானாகவே உள்ளே வர வழிவிட்டு, வாசகர்கள் ஒரு பதிவைக் கீழே தள்ளும் பொத்தானை எடுத்துவிட்டது. வாசகர்கள் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளால் முகப்பை நிரப்பிவிட்டு அங்கேயே குடிபெயர்ந்தார்கள். 2012-இல் டிக் துண்டு துண்டாக விற்கப்பட்டது.

ஆகவே, விளம்பரம் பதிவு வரிசைக்கு வெளியே இருக்கட்டும், மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். இதற்கு விலக்கு ஒன்று உண்டு, வேலைவாய்ப்பு அறிவிப்பு. தொழில்நுட்பச் செய்தி இணைப்புகளுக்கான ஹேக்கர் நியூஸ் தளத்தில், அதை நடத்தும் நிறுவனம் முதலீடு செய்த கம்பெனிகளின் வேலை அறிவிப்புகள் பதிவுகளுக்கு நடுவிலேயே வரும். ஓட்டும் கிடையாது, கருத்துப் பகுதியும் கிடையாது. ஓட்டு வாங்கியதுபோல நடிக்காததால் அது யாரையும் ஏமாற்றுவதில்லை. அதுவும் உங்கள் வாசகர்களுக்குப் பொருந்தும் வேலையாக இருக்க வேண்டும், எப்போதாவது ஒன்று வர வேண்டும். ‘எங்கள் கோர்ஸில் சேர்ந்தால் வேலை உறுதி’ என்பது வேலைவாய்ப்பு அறிவிப்பு இல்லை, அதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி அந்த ஏஜென்சி விஷயம். உங்கள் தளத்தில் ஆட்ஸ்.டெக்ஸ்ட் (ads.txt) என்ற சின்னக் கோப்பு இருக்க வேண்டும். உங்கள் விளம்பர இடத்தை யாரெல்லாம் விற்கலாம் என்று அதில்தான் அறிவிக்கிறீர்கள். போலி விற்பனையைத் தடுக்க 2017-இல் வந்த ஏற்பாடு. ஏஜென்சி போன்ற இடைத்தரகர்கள் சிலர் இதையே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். நூற்றுக்கணக்கான வரிகளை அனுப்பி ‘அப்படியே ஒட்டுங்கள்’ என்பார்கள். ஒவ்வொரு வரியும் ஓர் அனுமதி. அதில் ‘ரீசெல்லர்’ என்று இருந்தால், உங்கள் இடத்தை இன்னொருவர் கைமாற்றி விற்கலாம் என்று அர்த்தம். கை மாறும்போதெல்லாம் ஒரு கமிஷன் கழியும், மோசடி விளம்பரம் வந்தால் யார் அனுப்பியது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். யார் எவர் என்று விளக்கம் சொல்லாத வரியை ஒட்டாதீர்கள். ‘வேறு யாரிடமும் விளம்பரம் வாங்கக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால் கையெழுத்தும் போடாதீர்கள்.

கூகுளின் ஆட்சென்ஸ் போன்ற விளம்பரச் சேவையில் நேரடியாகச் சேரலாம். ஆனால் ‘விளம்பரத்தைக் கிளிக் செய்து தளத்தை ஆதரியுங்கள்’ என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள், கணக்கையே மூடிவிடுவார்கள். எந்தக் கிளிக் தப்பு என்று விவரம் தர மாட்டார்கள், மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம்தான். இத்தனை பெரிய தொழிலில் சிறு தளக்காரர் ஒரு மனிதரிடம் பேச வழியில்லாதது அநியாயம்.

முதலில் மாதச் செலவு எவ்வளவு, விளம்பரம் எங்கே வரும், எது வரவே வராது என்று வாசகர்களுக்கு எழுதுங்கள். பாப்-அப்பும் தானே சத்தம் போடும் வீடியோவும் அந்த ‘வராது’ பட்டியலில் முதலில் இருக்கட்டும். ஒரே ஓர் இடத்தில் ஆரம்பித்து, ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.