புது நர்ஸும் முதல் இண்டர்வியூவும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நர்ஸாகி பதினாறு வருடம் ஆகிறது. முதலில் மெடிக்கல் வார்டு, அப்புறம் ஐசியூ. இப்போது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆள் எடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற மூன்று பேரில் நானும் ஒருத்தி. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு முடித்துவிட்டு இண்டர்வியூவுக்குக் காத்திருக்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து, பி.எஸ்சி. நர்சிங்: அக்கா, பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் கேட்டால் வாய் வராது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வது?

நான்கு வரி போதும். பெயர், ஊர், எங்கே படித்தீர்கள், எந்த வார்டு போஸ்டிங் (படிக்கும்போது வார்டில் செய்த பயிற்சி) பிடித்தது, ஏன். இதை வாயால் சொல்லிப் பழகுங்கள், எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர்களை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம், நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஆங்கிலம் வரவில்லை என்று யாரையும் நாங்கள் உடனே அனுப்பிவிடுவதில்லை. "மேடம், இதைத் தமிழில் சொல்லலாமா" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குச் சரியான பதில் சொல்கிற பெண்ணை எடுத்திருக்கிறோம். ஆனால் கேஸ் ஷீட் எழுதுவது ஆங்கிலத்தில்தான், ஹேண்டோவரும் (அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளியை ஒப்படைப்பது) பாதி ஆங்கிலம்தான், அதனால் அந்த அளவு ஆங்கிலமாவது வேண்டும். தினமும் ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொண்டு ஐந்து வரி நர்சஸ் நோட்ஸ் எழுதிப் பாருங்கள். பேச்சும் தானாக வரும்.

இன்னொன்று. "ஏன் நர்சிங் எடுத்தீர்கள்" என்றால் மூன்றில் ஒருவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலில் ஆரம்பிக்கிறார்கள். அவர் பாவம், விட்டுவிடுங்கள். போஸ்டிங்கில் நீங்கள் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

தருமபுரியிலிருந்து: என்னென்ன கொண்டுபோக வேண்டும்? ஆர்.என்.ஆர்.எம். எண் (மாநிலக் கவுன்சில் பதிவு எண்) வந்துவிட்டது, நுயிட் இன்னும் வரவில்லை.

பதிவுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், டிகிரி அல்லது புரொவிஷனல், கோர்ஸ் முடித்த சான்று, ஆதார், போட்டோ. எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள் (இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்). நுயிட் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் தருகிற தேசிய அடையாள எண். விண்ணப்பித்திருந்தால் அந்த ரசீதைக் காட்டுங்கள். மாநிலக் கவுன்சில் பதிவு கையில் இல்லாமல் வந்தால்தான் சிக்கல், பதிவு இல்லாதவரைத் தனியாக டூட்டியில் போட முடியாது.

பலரும் கேட்டது: டெக்னிக்கலாக என்ன கேட்பார்கள்? எதைப் படிப்பது?

நான்கு வருடப் பாடத்தையும் புரட்டாதீர்கள், நேரம் போதாது. மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், நாங்கள் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண்ணை, இந்தப் பையனை இரவு டூட்டியில் விட்டால் நோயாளி பத்திரமாக இருப்பாரா? கேள்வி எந்தப் பக்கம் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

நான் வழக்கமாகச் செய்வதைச் சொல்கிறேன். மேஜையில் ஒரு இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி), இரண்டு சிரிஞ்சு வைப்பேன். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு ஆரஞ்சு மூடி. "பத்து யூனிட் எடுங்கள்" என்பேன். நம் ஊரில் வயலில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கானது. 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. தலைகீழாக, 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடியில் 10 கோடு வரை இழுத்தால் 25 யூனிட், நோயாளி விடிவதற்குள் மயங்கிக் கிடப்பார். வந்தவர்களில் பாதிப்பேர் கையில் கிடைத்த சிரிஞ்சை எடுத்துக் குத்தப் போவார்கள். வயலைத் திருப்பி லேபிளைப் படிக்கிறவர் யார் என்று மட்டும்தான் நான் பார்ப்பேன். கணக்கே தெரியாவிட்டாலும் லேபிளைப் படித்தவருக்குப் பாதி மார்க் போட்டுவிடுவேன்.

அடுத்தது மருந்துக் கணக்கு. அமிகாசின் 2 மில்லியில் 500 மி.கி. இருக்கிறது, டாக்டர் 375 மி.கி. எழுதியிருக்கிறார் என்றால் எத்தனை மில்லி? ஒன்றரை. 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், ஐ.வி. செட்டில் (சலைன் ஏற்றும் குழாயில்) மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு. இதெல்லாம் பேனா பேப்பரோடு செய்ய விடுவோம், மனக்கணக்கில் வீரம் காட்ட வேண்டாம்.

பொட்டாசியம் குளோரைடு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நேராக நரம்பில் ஏற்றவே கூடாது, இதயம் நின்றுவிடும். கரைத்து, மெதுவாக, சிறுநீர் போகிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இதில் தடுமாறினால் மற்ற எல்லாம் சரியாகச் சொன்னாலும் பயன் இல்லை.

குப்பைத் தொட்டி நிறங்களும் வரும், மருத்துவக் கழிவுக்கான 2016 விதிகளின்படி. ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங் மஞ்சள். ஐ.வி. செட், கதீட்டர், கையுறை சிவப்பு. ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பா. உடைந்த கண்ணாடி ஆம்ப்யூல் நீலம். கை கழுவும் ஐந்து தருணங்களில் கடைசி ஒன்றை, அதாவது நோயாளியைத் தொடாமல் அவர் கட்டில், லாக்கர், மானிட்டரைத் தொட்டாலும் கழுவ வேண்டும் என்பதை, பத்துக்கு எட்டுப் பேர் விட்டுவிடுகிறார்கள். சி.பி.ஆரில் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி) 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் குறைந்தது 5 செ.மீ. இது எல்லாருக்கும் தெரிகிறது. "முதலில் என்ன செய்வாய்" என்றால் மட்டும் நேராக நெஞ்சில் கை வைக்கிறார்கள். உதவிக்குக் கூப்பிட வேண்டாமா?

விருதுநகரிலிருந்து, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ): எங்கள் காலேஜில் கிளினிக்கல் போஸ்டிங் ஒழுங்காக இல்லை. கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) நான் போட்டதே இல்லை. போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். போன வருடம் ஒருவர் "ஐம்பதுக்கு மேல் போட்டிருக்கிறேன்" என்றார். சரி என்று பயிற்சிக் கையை மேஜையில் வைத்து டோர்னிக்கே (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) கொடுத்தோம். மேலே கட்ட வேண்டியதை, குத்தப் போகும் இடத்துக்குக் கீழே கட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரே கவனித்துவிட்டார், முகம் சிவந்துவிட்டது. எனக்கே பாவமாகத்தான் இருந்தது. "பார்த்திருக்கிறேன், உதவி செய்திருக்கிறேன், தனியாகப் போட்டதில்லை, சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன்" என்று சொன்னால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவருக்குக் கேனுலா போட ஒரு மாதத்தில் நாங்களே பழக்கிவிடுவோம். பொய் சொல்கிறவரைப் பழக்க வழி இல்லை.

சேலத்திலிருந்து: "தப்பான மருந்து கொடுத்துவிட்டால் என்ன செய்வாய்" என்று கேட்டார்கள். நான் தப்பே செய்ய மாட்டேன் என்று சொன்னேன். எடுக்கவில்லை. என்ன தப்பு?

என் முதல் இண்டர்வியூவில் நானும் இதையே சொன்னேன், நானும் வெளியே வந்தேன்! எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த சூப்பரிண்டெண்ட் மேடம் மேல் கோபம் கோபமாக வந்தது. பின்னால் நானே வார்டில் நின்றபோதுதான் புரிந்தது. தப்பு செய்யாத நர்ஸ் கிடையாது, தப்பை மறைக்கிற நர்ஸ்தான் ஆபத்து. மருந்தை நிறுத்துவேன், நோயாளியின் பி.பி., பல்ஸ் பார்ப்பேன், டியூட்டி டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் உடனே சொல்வேன், அவர்கள் சொல்வதைச் செய்வேன், இன்சிடெண்ட் ரிப்போர்ட் எழுதுவேன். இந்த வரிசையில் சொல்லுங்கள்.

ஊசி கையில் குத்திக்கொண்டால் என்ற கேள்வியும் இதே ஜாதிதான். பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி தாண்டினால் பயன் இல்லை.

டாக்டர் போனில் மருந்து சொன்னால்? எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டி, அவர் "சரி" என்ற பிறகு கொடுப்பேன், வந்ததும் கையெழுத்து வாங்குவேன். சீனியர் அக்கா ஊசியில் நிரப்பி வைத்துவிட்டு "இதைப் போட்டுட்டு வா" என்றால்? நான் நிரப்பாததை நான் போட மாட்டேன். இதை முறைப்பாகச் சொல்ல வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி: ஆண் நர்ஸ் என்றாலே வேண்டாம் என்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இல்லை தம்பி, ஆனால் பிரசவ வார்டு, பெண்கள் வார்டில் போட முடியாது என்று தயங்குகிறவர்கள் உண்டு, மறைக்க ஒன்றும் இல்லை. கேசுவல்டி, ஐசியூ, டயாலிசிஸ், கேத் லேப், ஆர்த்தோ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். "எந்த வார்டும் ஓகே" என்று சொல்லாதீர்கள். 108 ஆம்புலன்ஸிலும் நர்சிங் முடித்தவர்களை எடுக்கிறார்கள், அங்கே இருந்து வந்தவர்கள் பதற்றத்தில் நிதானமாக இருக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நாமக்கல்லிலிருந்து: சம்பளம் எவ்வளவு கேட்கலாம்? பாண்ட் (இத்தனை மாதம் வேலையில் இருப்பேன் என்ற ஒப்பந்தம்) போடச் சொல்கிறார்கள், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் கேட்கிறார்கள்.

2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும், 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. பரிந்துரைதான். கையில் வருவது வேறு என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்பது வேறு, "நீங்களே பார்த்துப் போடுங்கள் மேடம்" என்று சொல்வது வேறு. பிடித்தம் போக எவ்வளவு, ஹாஸ்டல், சாப்பாட்டுக்குத் தனியாக வெட்டுவார்களா, மாதம் எத்தனை நைட் டூட்டி, பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையைத் திரும்ப வாங்கிவிட மாட்டார்கள்.

ஒரிஜினல் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். என்னுடன் படித்தவள் ஒருத்தி கொடுத்துவிட்டு, வெளிநாட்டு வேலை வந்தபோது அதைத் திரும்ப வாங்க எட்டு மாதம் நடந்தாள். பாண்ட் பேப்பரில் எத்தனை மாதம், நடுவில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், அனுபவச் சான்று கிடைக்குமா என்று மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், படிக்க நேரம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாலும் தப்பில்லை.

கடலூரிலிருந்து, ஜி.என்.எம்.: எம்.ஆர்.பி. (தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), எய்ம்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். அதுவரை வேலைக்குப் போகாமல் இருக்கலாமா?

போங்கள். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வுக்கு பி.எஸ்சி. என்றால் அனுபவம் கேட்பதில்லை, ஆனால் ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் 2 வருட அனுபவம் வேண்டும். அடிப்படைச் சம்பளமே 44,900, விடுகிற மாதிரி இல்லை. ஆகவே நீங்கள் சேரும் இடத்தில் எத்தனை படுக்கை என்று இண்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். தெருமுனை கிளினிக்கில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அது செல்லாது என்று தெரிந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பெயர் வேண்டாம் என்றவர்: குழந்தை பிறந்து மூன்று வருட இடைவெளி. "அடுத்த குழந்தை எப்போது" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியே தப்பு. ஆனாலும் கேட்கிறார்கள். "வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், நைட் டூட்டிக்கு வர முடியும்" என்று வேலையோடு முடித்துவிட்டு நிறுத்துங்கள், அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை. இடைவெளியை மறைக்காதீர்கள், பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: அக்கா, நாளைக் காலை பத்து மணிக்கு இண்டர்வியூ! என்ன போட்டுக்கொண்டு போவது?

சுத்தமான சுடிதாரோ புடவையோ. நகத்தை வெட்டிவிடுங்கள், நெயில் பாலிஷ் வேண்டாம். கொலுசு சத்தம் போடாமல் இருந்தால் நல்லது. நொடி முள் இருக்கிற வாட்ச் கட்டிக்கொண்டு போங்கள், சில இடங்களில் பக்கத்தில் இருப்பவர் கையைக் காட்டி பல்ஸ் எண்ணச் சொல்வார்கள், அப்போது போனை எடுத்தால் நன்றாக இருக்காது. ஒன்பதரைக்குப் போய்விடுங்கள். பத்து மணி என்பார்கள், கூப்பிடப் பன்னிரண்டாகும், அதனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முடித்துவிட்டு வந்து என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள், இன்சுலின் சிரிஞ்சு வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.